விடுதலைப் பத்திரம்

பத்திர எழுத்தர் தாள்களை என் பக்கம் நகர்த்தி, "இங்க ஒண்ணு, இங்க ஒண்ணு, அப்புறம் கடைசிப் பக்கத்துல" என்று பென்சிலால் சின்னச் சின்னதாகப் பெருக்கல் குறி போட்டுக் கொடுத்தார். மேலே இருந்தது முத்திரைத்தாள். நடுவில் கொட்டை எழுத்தில் 'விடுதலைப் பத்திரம்' என்று அடித்திருந்தது. கூடப்பிறந்தவர்களுக்குள் ஒருவர் தன் பங்கை இன்னொருவருக்கு விட்டுக்கொடுத்து எழுதும் பத்திரத்துக்குப் பதிவு ஆபீசில் அதுதான் பெயர். அம்மா பேரில் இருந்த வீடும் அதன் பின்னால் கிடந்த பனைவிளையும் இனி அண்ணனுக்கு. எனக்கு அதில் எந்தப் பாத்தியதையும் இல்லை, பின்னால் எந்த உரிமையும் கோர மாட்டேன் என்று நான் எழுதிக் கொடுக்கிறேன். குறி இருந்த இடமெல்லாம் கையெழுத்துப் போட்டேன். பெருவிரல் ரேகை வைத்தேன். போட்டோ எடுத்தார்கள்.

அது 2016 ஜூலை. வெளியே வேப்பமரத்தடியில் அண்ணன் டீ வாங்கி வைத்திருந்தான். "சாப்ட்டியாட்டி?" என்றான். "ஆச்சு" என்றேன். சாப்பிட்டிருக்கவில்லை. பஸ் ஏறிப் பாளையங்கோட்டைக்கு வந்துவிட்டேன். அதற்கப்புறம் ஆறு வருஷம் நாங்கள் ஒழுங்காகப் பேசிக்கொள்ளவில்லை. சண்டை என்று ஒன்று நடக்கவே இல்லை. கிறிஸ்மஸுக்கு வாழ்த்து வரும், நானும் அனுப்புவேன். அவ்வளவுதான்.

விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்ட நான் உள்ளுக்குள் எதையுமே விடவில்லை என்பது எனக்கே தெரிய ஆறு வருஷம் ஆனது. அதைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பங்கு கேட்பது பாவம் என்று நான் நினைக்கவில்லை. உயில் எழுதாமல் இறந்தவரின் சொத்தில், 1925-ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி, கிறிஸ்தவக் குடும்பத்தில் மகனுக்கும் மகளுக்கும் சம பங்கு. கேரளத்தில் சிரியன் கிறிஸ்தவப் பெண்களுக்கு அந்த நியாயம் கிடைக்க மேரி ராய் உச்ச நீதிமன்றம் வரைக்கும் போக வேண்டியிருந்தது. 1986-ல்தான் தீர்ப்பு வந்தது. அந்த அம்மாவை நான் மதிக்கிறேன். எங்கள் பக்கம் சட்டம் எப்போதோ இருந்தது, வழக்கம்தான் வேறு. "கட்டிக் குடுக்கும்போதே போட்டாச்சுல்லா" என்று ஒரு வார்த்தையில் முடித்துவிடுவார்கள். எனக்கு வீடு வேண்டும் என்று இல்லை. நானே மனசோடுதான் எழுதிக் கொடுத்தேன். என் குறை வேறு இடத்தில் இருந்தது.

2014 நவம்பரில் அம்மாவுக்குப் பக்கவாதம் வந்தது. வலது கையும் காலும் விழுந்துவிட்டன, பேச்சும் போய்விட்டது. சாத்தான்குளத்துக்குக் கிழக்கே தேரிக்காட்டு ஊரில் தனியாக இருந்தவளை என் வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு வந்தேன். 2016 ஜனவரியில் அடக்கம் பண்ணினோம். நடுவில் பதினான்கு மாசம். வேலைக்குச் சம்பளமில்லாத லீவு போட்டேன். மூக்கு வழியாகக் குழாய்; அதில் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை கஞ்சியை வடிகட்டி ஊற்ற வேண்டும். முதுகில் புண் வராமல் இருக்க ராத்திரியும் புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். ஊற்றி முடித்ததும் குழாயைத் தண்ணீர் விட்டுக் கழுவாவிட்டால் அடைத்துக்கொள்ளும். அடைத்தால் மறுபடியும் ஆஸ்பத்திரி, மறுபடியும் அந்த மூக்கு, மறுபடியும் அம்மாவின் கண்ணில் நீர். பேச்சு போயிருந்தாலும் ஒரு அதிசயம் இருந்தது. நான் பழைய கீர்த்தனை ஒன்றை மெதுவாக எடுத்தால், முதல் இரண்டு வரி அம்மாவுக்குத் தடையில்லாமல் வந்துவிடும். தண்ணி என்று சொல்ல முடியாத வாய் அந்த இரண்டு வரியை மட்டும் பாடிவிடும்.

இந்தப் பதினான்கு மாசத்தில் அண்ணன் சென்னையிலிருந்து இரண்டு தடவை வந்தான். இரண்டு தடவையும் ஆப்பிள் வாங்கி வந்தான். மூக்குக் குழாய் போட்டிருக்கிறவளுக்கு ஆப்பிள். செலவு எவ்வளவு ஆச்சு என்று ஒரு நாளும் கேட்கவில்லை.

நான் ஒரு நீளக் கணக்கு நோட்டில் எல்லாவற்றையும் எழுதி வந்தேன். இடது பக்கம் அம்மாவுக்கு: கஞ்சி எத்தனை மணிக்கு, எவ்வளவு, மாத்திரை, மோஷன், காய்ச்சல். வலது பக்கம் செலவு. பில்களையெல்லாம் ஒரு மஞ்சப்பையில் போட்டுக் கதவுக்குப் பின்னால் ஆணியில் மாட்டியிருந்தேன். அடக்கம் முடிந்த மறுவாரம் உட்கார்ந்து கூட்டினேன். மொத்தம் 4,86,300. அதன் கீழே ஒரு கோடு போட்டு, 'அண்ணன் பங்கு 2,43,150' என்று எழுதி இரண்டு தடவை அடிக்கோடிட்டேன்.

அந்த நோட்டையும் பைக்குள் போட்டேன். பை ஆறு வருஷம் அந்த ஆணியிலேயே தொங்கியது. வெள்ளை அடிக்கும்போது எடுத்து வைத்து மறுபடியும் மாட்டினேன்.

இதனால் என் விசுவாச வாழ்க்கைக்கு என்ன ஆச்சு என்று கேட்டால், வெளியே பார்க்க ஒன்றும் ஆகவில்லை. ஞாயிறு ஆராதனை தவறவில்லை, குடும்ப ஜெபம் தவறவில்லை, தசமபாகம் தவறவில்லை. ஆனால் வளர்ச்சி நின்றுபோயிருந்தது. செடி பட்டுப்போகாமல் அப்படியே நிற்குமே, புதுசாக ஒரு இலை விடாமல், அந்த மாதிரி. ஜெபத்தில் முழங்கால் போட்டால் ஐந்தாவது நிமிஷம் "கர்த்தாவே, அவனுக்கு உணர்த்தும்" என்பதில் வந்து நிற்பேன். சங்கீதங்களில் 35-ஆம் சங்கீதம்தான் எனக்குப் பிடித்தமானது. "கர்த்தாவே, நீர் என் வழக்காளிகளோடே வழக்காடி" என்று அது ஆரம்பிக்கும். அதைப் பாடின தாவீது சவுல் ராஜாவுக்குத் தப்பி ஓடினவர். நான் யாருக்குத் தப்பி ஓடினேன்? ஆனாலும் அதை என் மனுவாகவே வாசித்துக்கொண்டிருந்தேன்.

நற்கருணை ஆராதனையில் ஒரு இடம் வரும். பாவங்களுக்காக மனஸ்தாபப்பட்டு, அயலாரோடு சமாதானமாக இருக்கிறவர்கள் கிட்ட வாருங்கள் என்று குருவானவர் அழைப்பார். அந்த இடத்தில் ஒவ்வொரு மாசமும் எனக்குள் ஒரு சின்ன வாதம் நடக்கும். எனக்கு அவனோடு சண்டை இல்லையே, கையெழுத்தும் போட்டுக் கொடுத்தாயிற்றே, அவன்தான் எனக்குப் பாக்கி, நான் அவனுக்குப் பாக்கி இல்லையே. வாதத்தில் ஜெயித்து எழுந்து போவேன். அப்பமும் திராட்சரசமும் வாங்கிவிட்டுத் திரும்பி வரும்போது மனசில் ஒன்றும் இருக்காது. வரிசையில் நின்றுவிட்டு வந்த மாதிரி இருக்கும்.

ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த மிஷனரி கிளாடிஸ் ஸ்டெயின்ஸ் அம்மாவை நினைத்துக்கொள்வேன். 1999 ஜனவரியில் ஒடிசாவின் மனோகர்பூரில் அவருடைய கணவர் கிரகாமையும், பத்து வயது பிலிப்பையும், ஆறு வயது திமோத்தியையும் ஜீப்புக்குள் வைத்தே எரித்துவிட்டார்கள். மன்னிக்கிறேன் என்று அந்த அம்மா வெளிப்படையாகச் சொன்னார். சொன்னதோடு ஊருக்குக் கிளம்பிவிடாமல் பாரிபதாவிலேயே இருந்து தொழுநோயாளிகளுக்கான வேலையைத் தொடர்ந்தார். 2005-ல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். அந்த அம்மா மன்னித்த செய்தி வந்த நாட்களில் எங்கள் சபையில் அழாத பெண்கள் இல்லை. அப்படிப்பட்டதையே மன்னிக்க முடியும் என்று தெரிந்துவைத்திருந்த எனக்கு, இந்த 2,43,150 மட்டும் ஏன் தொண்டையில் நின்றது? பல நாள் யோசித்திருக்கிறேன். பெரிய அநியாயத்துக்கு முன்னால் மனுஷர் தேவனிடம் ஓடித்தான் தீர வேண்டும், வேறு போக்கிடம் இல்லை. வீட்டுக்குள் நடக்கிற சின்ன அநியாயத்தை நாமே வைத்துச் சமாளிக்கலாம் என்று தோன்றிவிடுகிறது. தேவனிடம் கொண்டுபோக வேண்டிய அளவுக்குப் பெரிதாக அது தெரிவதே இல்லை. அதனால் நம்மிடமே தங்கிவிடுகிறது.

2022-ல், செப்டம்பர் மாதம் என்று நினைவு, பெண்கள் ஐக்கிய சங்கக் கூட்டத்தில் பேசச் சொல்லி ஐயரம்மா, குருவானவரின் மனைவி, கேட்டார்கள். வசனமும் அவர்களே கொடுத்தார்கள். அப்போஸ்தலனாகிய பவுல் எழுதின பிலிப்பியர் நிருபம் 3:13, 14. "பின்னானவைகளை மறந்து, முன்னானவைகளை நாடி." நம்மில் மனப்பாடம் இல்லாதவர்கள் உண்டா? ஞாயிறு பள்ளியில் வண்ண அட்டையில் எழுதி வாங்கின வசனம். இருபது நிமிஷம் பேச என்ன தயாரிப்பு என்று அசட்டையாகத்தான் எடுத்தேன். சரி, பழக்கதோஷத்தில் அதிகாரத்தின் தொடக்கத்திலிருந்து வாசிப்போம் என்று வாசித்தேன். அங்கேதான் மாட்டிக்கொண்டேன்.

பவுல் மறக்கிறேன் என்று சொல்கிற 'பின்னானவைகள்' எவை? நான் அதுவரை நினைத்திருந்தது அவர் பட்ட பாடுகளையும் அவர் செய்த பாவங்களையும். அந்த அதிகாரத்தில் 5, 6 வசனங்களில் அவர் ஒரு பட்டியல் போடுகிறார். எட்டாம் நாளில் விருத்தசேதனம் அடைந்தவன். இஸ்ரவேல் வம்சம். பென்யமீன் கோத்திரம். எபிரெயரில் பிறந்த எபிரெயன். நியாயப்பிரமாணத்தின்படி பரிசேயன். நீதியின்படி குற்றஞ்சாட்டப்படாதவன். இதில் காயம் எங்கே இருக்கிறது? எல்லாம் பெருமைக்குரியவை. சபையைத் துன்பப்படுத்தினதுகூட அந்தப் பட்டியலில் பக்திவைராக்கியத்துக்கு அடையாளமாகத்தான் வருகிறது. அடுத்த வசனத்தில், "எனக்கு லாபமாயிருந்தவைகளெவைகளோ அவைகளைக் கிறிஸ்துவுக்காக நஷ்டமென்றெண்ணினேன்" என்கிறார். லாபம், நஷ்டம். கணக்குப் புத்தகத்தின் வார்த்தைகள். சிறையில் கட்டுண்டு கிடக்கிற மனுஷர் தன் கணக்கு நோட்டை எடுத்து, வரவுப் பக்கத்தில் இருந்ததையெல்லாம் பற்றுப் பக்கத்துக்கு மாற்றி எழுதுகிறார்.

எனக்கு என் நோட்டு ஞாபகம் வந்தது. அண்ணன் பேரில் பாக்கி என்று நான் எழுதி வைத்திருந்தது உண்மையில் என் பேரில் வரவு. அந்த இரண்டே கால் லட்சத்துச் சொச்சம் பணம் எனக்குத் தேவைப்பட்டதா என்றால் இல்லை. அந்தத் தொகை இருக்கிற வரைக்கும் நான் அம்மாவைப் பார்த்த மகள், அவன் பார்க்காத மகன். அவன் அதைக் கொடுத்துத் தீர்த்திருந்தால் எனக்குத்தான் நஷ்டம். நான் பிடித்துக்கொண்டிருந்தது அவனுடைய குற்றத்தை என்று நினைத்திருந்தேன். பிடித்துக்கொண்டிருந்தது என்னுடைய நன்மையை.

இதை எழுதும்போது இப்போதும் கை தயங்குகிறது. அந்தப் பதினான்கு மாசம் என் வாழ்க்கையில் நான் செய்த நல்ல காரியங்களிலேயே பெரியது. அதை எப்படி நஷ்டம் என்று எண்ணுவது? ஆனால் கெட்ட குமாரன் உவமையில், சொத்தை அழித்துவிட்டுத் திரும்பின தம்பிக்கு அப்பா விருந்து வைக்க, மூத்த மகன் வயலிலிருந்து வந்து வாசலில் நின்று சொல்வதைக் கவனித்திருக்கிறீர்களா? இத்தனை வருஷமாய் உமக்கு ஊழியம் செய்தேன், ஒருக்காலும் உம்முடைய கற்பனையை மீறவில்லை, ஒரு ஆட்டுக்குட்டியையாவது நீர் கொடுக்கவில்லை. அவன் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. உழைத்தவன் அவன்தான். அந்த உழைப்பையே வாசல்படியாக்கி அதன்மேல் உட்கார்ந்துகொண்டான், வீட்டுக்குள் போக முடியவில்லை. அப்பா வெளியே வந்து கெஞ்ச வேண்டியிருந்தது.

அன்று ராத்திரி பையை ஆணியிலிருந்து எடுத்தேன்.

பில்களை ஒவ்வொன்றாக வெளியே எடுத்து டியூப்லைட் வெளிச்சத்தில் பிடித்தேன். மருந்துக்கடை பில்களில் பாதிக்கு மேல் வெறும் வெள்ளைத் தாளாக இருந்தன. வெப்பத்தில் அச்சாகிற வழுவழுப்பான தாள். எழுத்து சில வருஷத்தில் தானாக மறைந்துவிடும். சிலதில் பழுப்பு நிழல் மட்டும் இருந்தது. ஆறு வருஷம் நான் காவல் காத்தது இதைத்தான். அதைப் பார்த்ததும், தேவன் அழித்துவிட்டார் என்று உடனே ஒரு சாட்சி சொல்லிவிடலாம் போலத்தான் இருந்தது. ஆனால் நோட்டு அப்படியே இருந்தது. நீல மையில், என் கையெழுத்தில், ஒரு எழுத்துகூட மங்காமல்.

நோட்டைக் கிழித்துப் போட்டுவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். வலது பக்கங்களை மட்டும் கிழிப்போம், செலவுதானே என்று ஒரு தாளைப் பிடித்தேன். அதன் முதுகைத் திருப்பினால் மறுநாள் அம்மா இருக்கிறாள். 'காலை 6, கஞ்சி 200. லேசான சிரிப்பு.' இன்னொரு தாள். 'ராத்திரி தூக்கமில்லை. கையைப் பிடித்துக்கொண்டே இருந்தாள்.' இன்னொன்று. 'இன்றைக்கு இரண்டு வரி பாடினாள்.' செலவைக் கிழித்தால் அம்மாவும் சேர்ந்து கிழிந்துவிடுவாள். ஒரே தாளின் இரண்டு பக்கம்.

அந்த ராத்திரியில்தான் 'மறந்து' என்ற வார்த்தை எனக்கு வேறு மாதிரி விளங்க ஆரம்பித்தது. பவுல் எதையும் ஞாபகத்திலிருந்து துடைத்துவிடவில்லை. ஸ்தேவானைக் கல்லெறிந்தபோது தான் அருகே நின்று வஸ்திரங்களைக் காத்துக்கொண்டிருந்ததை எருசலேமில் ஜனங்களுக்கு முன்னால் அவரே சொல்கிறார். அண்ணன்மார் விற்றுப்போட்ட யோசேப்பைப் பாருங்கள். என் வருத்தத்தையும் என் தகப்பன் வீட்டையும் மறக்கும்படி தேவன் செய்தார் என்று சொல்லி மூத்த பிள்ளைக்கு மனாசே என்று பெயர் வைத்தார். மறந்த விஷயத்துக்கு யாராவது பெயர் வைப்பார்களா? பிள்ளையைக் கூப்பிடும்போதெல்லாம் அது ஞாபகம் வந்திருக்கும். அப்புறம் தானியம் வாங்க அண்ணன்மார் வந்து நின்றபோது ஒதுங்கிப் போய் அழுதார், மறுபடியும் அறைக்குள் போய் அழுதார், கடைசியில் எகிப்தியர் கேட்கும்படி சத்தமிட்டு அழுதார். மறந்தவர் அழ மாட்டார். ஆனாலும் தானியத்தை அளந்து கொடுத்தார், பணத்தைச் சாக்கிலேயே திருப்பி வைத்தார்.

வருஷப் பிறப்பு ஆராதனையில் நாம் எடுக்கிற வாக்குத்தத்த அட்டைகளில் ஏசாயா 43-ஆம் அதிகாரம் அடிக்கடி வரும். "முந்தினவைகளை நினைக்கவேண்டாம்" என்பதும் "இதோ, நான் புதிய காரியத்தைச் செய்கிறேன்" என்பதும். புதிய காரியம் என்றால் வீடு, வேலை, மகளுக்கு வரன் என்று நினைத்துக்கொண்டு அட்டையை பைபிளுக்குள் வைப்போம். மூன்று அதிகாரம் தள்ளிப் போனால் அதே ஏசாயா, "முந்திப் பூர்வகாலத்தில் நடந்தவைகளை நினையுங்கள்" என்கிறார். வேதம் மறக்கச் சொல்வதைவிட நினைக்கச் சொல்வதுதான் அதிகம் என்று எனக்குத் தோன்றுகிறது. நற்கருணையே நினைவுகூருதல்தானே. வனாந்தரத்தில் இஸ்ரவேலர் செய்த தப்பு, எகிப்தை நினைத்தது இல்லை. வெள்ளரிக்காயையும் கொம்மட்டிக்காயையும் வெண்காயத்தையும் வெள்ளைப்பூண்டையும் வரிசையாக நினைத்தார்கள், செங்கல் அறுத்ததை விட்டுவிட்டு நினைத்தார்கள். நானும் நாலு லட்சத்து எண்பத்தாறாயிரத்தை நினைத்தேன். அதைக் கொடுக்க எனக்கு ஒரு சம்பளம் இருந்ததை, தூக்கிவிட என் கணவரின் கை இருந்ததை, ராத்திரியில் முறை மாற்றிக்கொள்ளப் பக்கத்து வீட்டு அக்கா வந்ததை எந்தப் பக்கத்திலும் எழுதவில்லை.

கிரேக்க மொழி படித்த ஒரு குருவானவர் எங்கள் வேதபாட வகுப்பில் சொன்ன ஒன்றை அப்போது தேடி எடுத்தேன். கர்த்தருடைய ஜெபத்தில் எங்கள் கடன்களை மன்னியும் என்று வருகிறதே, அந்த 'மன்னியும்' என்பதற்கு மூலத்தில் இருக்கிற வார்த்தை அபியேமி. அதற்கு விட்டுவிடுதல், போக விடுதல் என்று பொருள். பேதுருவும் அந்திரேயாவும் வலைகளை விட்டு இயேசுவுக்குப் பின்சென்றார்கள் என்கிற இடத்தில் அதே வார்த்தை. சமாரியப் பெண் குடத்தை வைத்துவிட்டு ஊருக்குள் ஓடினாளே, அங்கேயும் அதே வார்த்தை. உன் சகோதரனுக்கு உன்மேல் குறை உண்டென்று நினைவு வந்தால் காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டுப் போ என்று மத்தேயு 5-ல் இருக்கிறதே, அதற்கும் அதுதான். குடத்தையும் வலையையும் விடுகிறதற்கும் கடனை மன்னிக்கிறதற்கும் ஒரே சொல்! கையில் பிடித்திருப்பதைக் கீழே வைப்பது. அவ்வளவு சாதாரணமான, கை செய்கிற வேலை. அதற்கு மனசு முதலில் ஆறியிருக்க வேண்டும் என்று அந்தச் சொல் கேட்கவில்லை.

கொலோசெயர் 2:14-ஐயும் எடுத்தேன். நமக்கு எதிரிடையாக இருந்த கையெழுத்தைக் குலைத்து, சிலுவையின்மேல் ஆணியடித்தார். கையெழுத்து என்று நம் வேதாகமத்தில் இருப்பது கடன்பட்டவன் தன் கைப்பட எழுதிக் கொடுக்கிற சீட்டு. என் கதவுக்குப் பின்னாலும் ஒரு ஆணி இருந்தது, அதில் நானும் ஒரு சீட்டை மாட்டியிருந்தேன்.

கடைசிப் பக்கத்தை விரித்து, 'அண்ணன் பங்கு' என்ற வரியின்மேல் பேனாவால் ஒரு கோடு இழுத்தேன். மற்ற பக்கங்களைத் தொடவில்லை. மொத்தத் தொகையையும் அடிக்கவில்லை, செலவானது செலவானதுதான். அந்த ஒரு வரி மட்டும்.

மத்தேயு 18-ல் வருகிற உவமையைப் பேசும்போது, உடன் வேலைக்காரன் பட்ட நூறு வெள்ளிப்பணம் ஒன்றுமே இல்லாத தொகை என்று பிரசங்கத்தில் சொல்லிவிடுவார்கள். எனக்கு அதில் சம்மதம் இல்லை. வெள்ளிப்பணம் ஒன்று ஒரு நாள் கூலி. நூறு என்றால் மூன்று மாசத்துக்கு மேல் உழைப்பு. அது உண்மையான கடன். இயேசு அதைச் சின்னது என்று சொல்லவில்லை, அதன் பக்கத்தில், அந்த நூறைக் கேட்டு நெரித்தவனுக்கே ராஜா மன்னித்துவிட்ட பதினாயிரம் தாலந்தை வைத்தார். ஒரு தாலந்து ஆறாயிரம் நாள் கூலி. பதினாயிரம் தாலந்து ஆறு கோடி நாள் கூலி. பக்கத்தில் வைத்தால்தான் நூறு நூறாகத் தெரிகிறது. "மறந்துடும்மா, இதெல்லாம் ஒரு விஷயமா" என்று யாராவது என்னிடம் சொல்லியிருந்தால் நான் இன்னும் இறுக்கிப் பிடித்திருப்பேன். அடி வாங்குகிற பெண்களிடமும் ஏமாற்றப்பட்டவர்களிடமும் சபையில் இதே வார்த்தையைச் சொல்கிறோம். அது பாவம் என்றே நான் நினைக்கிறேன். அடிக்கிறவனிடமிருந்து பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வெளியே வருவதும், போலீசில் சொல்வதும் மன்னிக்காமை ஆகாது. வரி வசூலிக்கிற சகேயு மனந்திரும்பின அன்றைக்கே, அநியாயமாய் வாங்கினதை நாலத்தனையாகத் திருப்பிக் கொடுக்கிறேன் என்றார். இயேசு வேண்டாம் விடு என்று சொல்லவில்லையே. விடுதல் என்பது நடந்ததை நடக்கவில்லை என்று சொல்வது கிடையாது. உயிர்த்தெழுந்த கர்த்தரின் கையிலேயே தழும்பு இருந்தது. அதைக் காட்டி அவர் பாக்கி கேட்கவில்லை, "உங்களுக்குச் சமாதானம்" என்றார்.

கோடு இழுத்த மறுநாள் காலையில் எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். சட்டியில் கஞ்சி கொதிக்கிற வாசனை வந்தால் அந்த ஆப்பிள் ஞாபகம் வரும், கூடவே கோபமும் வரும். வந்தால் என்ன செய்கிறது? மறுபடியும் கீழே வைக்கிறதுதான். முதலில் ஒரு நாளைக்கு நாலைந்து தடவை வைத்தேன். அப்புறம் குறைந்தது. ஜெபத்தில் மட்டும் ஒரு மாற்றம் சீக்கிரமே தெரிந்தது. "அவனுக்கு உணர்த்தும்" என்கிற இடம் காலியாகிவிட்டது, அங்கே என்ன சொல்வதென்று தெரியாமல் சும்மா இருந்தேன். பல வருஷம் கழித்து தேவனுக்கு முன்னால் சும்மா இருந்தது அப்போதுதான். அந்தச் சும்மா இருந்த இடத்திலிருந்துதான் வேறு ஜெபங்கள் முளைத்தன: பள்ளியில் ஒரு பிள்ளைக்காக, மைனியின் சர்க்கரை வியாதிக்காக, பேர் தெரியாத ஒரு பஸ் கண்டக்டருக்காக.

அந்த வருஷம் ஊர்ச் சர்ச்சில் அசனத்துக்கு, எல்லாரும் சேர்ந்து சாப்பிடுகிற விருந்துக்கு, போனேன். ஆறு வருஷமாகப் போகவில்லை. அண்ணனும் மைனியும் வந்திருந்தார்கள். பந்தி நெரிசல் தாங்காமல் அண்ணன் தூக்குவாளியில் சோறும் கறியும் வாங்கிக்கொண்டு, "வீட்டுக்கு வா, அங்க வச்சிச் சாப்பிடுவோம்" என்றான். பத்திரத்துக்கு அப்புறம் அந்த வீட்டு நடையை நான் மிதிக்கவில்லை. அம்மா கட்டில் இருந்த இடத்தில் நெல்லு மூட்டை இருந்தது. மைனி தண்ணீர் மோந்து கொடுத்தார்கள். அண்ணன் இலை போட்டான். எலும்பில்லாத துண்டாகப் பார்த்து என் இலையில் வைத்தான், சின்ன வயதில் செய்த மாதிரியே.

சொல்லிவிடுவோம் என்று எனக்குத் தோன்றியது. "அண்ணே, அம்மா ஆஸ்பத்திரிக் கணக்க நான் அடிச்சிட்டேன்" என்றேன்.

"எந்தக் கணக்கு?" என்றான்.

முகத்தில் கள்ளம் இல்லை. நான் கணக்கு வைத்திருந்ததே அவனுக்குத் தெரியாது. அனுப்பாத பில்லுக்கு ஆறு வருஷம் வட்டி போட்டுக்கொண்டு காத்திருந்திருக்கிறேன். அந்த நிமிஷம் உள்ளே சுருக்கென்று எரிந்ததை மறைக்க மாட்டேன். கேட்கக்கூடவா தோன்றவில்லை இவனுக்கு என்று அடிவயிற்றிலிருந்து வந்தது. நீ ரொம்பக் கஷ்டப்பட்டுட்டட்டி என்று ஒரு வார்த்தை, அதற்குத்தான் நான் ஏங்கியிருக்கிறேன் என்பதும் அப்போதுதான் தெரிந்தது. அவன் அதைச் சொல்லவில்லை. இன்றுவரை சொல்லவில்லை. "ஒண்ணும் இல்லண்ணே" என்று சொல்லிவிட்டுச் சோற்றைப் பிசைந்தேன்.

சாயங்காலம் பஸ் ஸ்டாப் வரைக்கும் கூட வந்தான். தேரி மண்ணில் செருப்பு புதையப் புதைய நடந்தோம். பாதி தூரம் பேசாமல் வந்தவன், "அம்மா கடைசில பாட்டுப் படிச்சாளாமே?" என்று கேட்டான். பக்கத்து வீட்டு அக்கா எப்போதோ அவனிடம் சொல்லியிருக்கிறாள். நான் ஆமாம் என்றேன். அதற்குமேல் அவன் கேட்கவில்லை. கண்ணைத் துடைக்கிற மாதிரியும் இருந்தது, வேர்வையைத் துடைக்கிற மாதிரியும் இருந்தது. பஸ் வந்துவிட்டது.

வீட்டுக்கு வந்து நோட்டை எடுத்தேன். இடது பக்கங்களை மட்டும் ஒவ்வொன்றாகப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அவனுக்கு அனுப்பினேன். நூறுக்கும் மேல் இருந்தன. அனுப்பி முடிக்க ராத்திரி பதினொன்றரை ஆகிவிட்டது. பதில் ஒன்றும் வரவில்லை. விளக்கை அணைத்துவிட்டுப் படுத்தேன்.

மறுநாள் காலையில் ஆறு மணிக்குப் போன் அடித்தது. அண்ணன்தான். தூங்காத குரல். "பிப்ரவரி பதினாலுல ரெண்டு வரி பாடுனான்னு எழுதிருக்கியே, எந்தப் பாட்டுட்டி அது?" என்றான்.

நான் அடுப்பை அணைத்துவிட்டு, அம்மா பாடின மாதிரியே மெதுவாக அந்த இரண்டு வரியையும் பாடினேன். மூன்றாவது வரியிலிருந்து அவனும் சேர்ந்துகொண்டான்.